எழுபத்திரண்டாம் சேனல்

டெட்டால் நனைத்த துணியால் மூன்றாவது தடவையும் துடைத்தாயிற்று, வாசம் போகவில்லை. கைக்குள் அடங்குகிற கறுப்பு வயர்லெஸ் செட்டு, அதன் முகத்தில் வரிசை வரிசையாகச் சின்னத் துளைகள், கேட்பதும் பேசுவதும் அந்தத் துளைகள் வழியாகத்தான். எமரென்சி ஊக்கு முனையில் பஞ்சைச் சுற்றி ஒவ்வொரு துளையாகக் குடைந்தாள். செம்மண் நிறத்தில் ஏதோ பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. புகையிலைத் தூளும் உப்பும் எச்சிலும் சேர்ந்து காய்ந்த பிசுக்கு. யாருடைய எச்சில் என்று தெரியும் என்பதுதான் இன்னும் குமட்டலாக இருந்தது. ஊரார் எச்சில் என்றால் ஒருவேளை கண்ணை மூடிக்கொண்டு கழுவி முடித்திருப்பாள். இது கிளாட்வினுடையது, பதினோரு வருசமாகத் தன் புருசனாக இருக்கிறவருடையது. வள்ளத்துக்குப் புதுச் செட்டு வந்ததும் அவர் பழையதை மீனவர் சங்கத்தில் ஒப்படைத்தார். கடலில் இருக்கிறவர்கள் கூப்பிட்டால் கரையில் ஒரு காது இருக்கட்டும் என்று சங்கம் நாலு தெருவுக்கு நாலு பெண்களைத் தேர்ந்தெடுத்து, இருந்த பழைய செட்டுகளைப் பகிர்ந்து கொடுத்தது. எமரென்சி பன்னிரண்டாவது வரை படித்தவள், வீட்டுக்கு உயரமான மொட்டைமாடி இருக்கிறது, மகள் ஹாஸ்டலில் இருப்பதால் காலையில் அவ்வளவாக வேலையில்லை. அப்படிச் சொல்லி அவள் பெயரை எழுதினார்கள், அவளிடம் யாரும் கேட்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி அம்மா ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். பதினாறாம் சேனல் ஆபத்துக்கும் கூப்பிடுவதற்கும், அதில் ஊர்க்கதை பேசக்கூடாது. மேலே இருக்கும் திருகைத் திருப்பினால் இரைச்சல் அடங்கும், ரொம்பத் திருப்பினால் தூரத்துக் குரலும் சேர்ந்து அடங்கிவிடும். பேசும்போது பக்கத்துப் பொத்தானை அமுக்க வேண்டும், அமுக்கியிருக்கும் வரை எதிராளி பேசுவது கேட்காது. வாயைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பேசுங்கள் என்று அந்த அம்மா தன் உதட்டருகே வைத்துக் காட்டியபோது எமரென்சிக்குப் பின்கழுத்தில் மயிர் கூசியது. செட்டு வந்து மூன்று வாரமாயிற்று, அவள் இன்னும் ஒரு தடவைகூட அந்தப் பொத்தானை அமுக்கவில்லை. கேட்க மட்டும் செய்தாள். கேட்பதற்கு வாய் வேண்டாம், தண்ணீர்த் தொட்டி மேல் துண்டை விரித்து அதன்மேல் செட்டை வைத்துவிட்டு, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து காலை ஆறு முதல் ஒன்பது வரை கேட்டாள்.

பதினாறில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எப்போதாவது ஒரு சரக்குக் கப்பல்காரன் துறைமுகத்தைக் கூப்பிடுவான், அப்புறம் வெறும் இரைச்சல். ஒரு நாள் கை சும்மா இருக்காமல் எண்களை மேலே தள்ளிக்கொண்டே போனபோது எழுபத்திரண்டில் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். மீன் எங்கே கிடக்கிறது, நீர்வாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, அதோடு ஊரில் யாரைப் பற்றியும் எதையும், வீட்டில் சொல்லாத வார்த்தைகளில். முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் நாள் பொத்தவில்லை. மூன்றாம் நாள், அது ஒரு செவ்வாய்க்கிழமை, கிளாட்வினின் குரல் வந்தது. வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், சோறு, தண்ணி, வாரேன், படுக்கேன், அவ்வளவுதான், அங்கே கதை சொல்லிக்கொண்டிருந்தார். எங்க வீட்டுக்காரி இருக்காளே, நான் கிட்டப் போயிட்டு வந்தா நேரா குழாயடிக்குப் போயிருவா, வாயைக் கொப்பளிச்சிட்டு வந்துதான் மறுபேச்சு. சொல்லிவிட்டு, தண்ணீரைத் தொண்டையில் நிறுத்திக் கொப்பளிக்கிற சத்தத்தை அப்படியே போட்டுக் காட்டினார். கடலில் ஏழெட்டு வள்ளம் சிரித்தது. அவளை உறைய வைத்தது அவர்கள் சிரித்தது அல்ல, அது உண்மை என்பது. பதினோரு வருசமாக அவள் கொப்பளித்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் குழாயைத் துளித்துளியாகத் திறந்து, துண்டை வாய்மேல் பிடித்து, சத்தம் வராமல், அவர் மனசு நோகக்கூடாது என்று. அவர் கேட்டிருக்கிறார். முதல் நாளிலிருந்தே கேட்டிருக்கிறார். கேட்டும் கேட்காதவராகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார், அதைக் கடலுக்குக் கொண்டுபோய் விளையாட்டுக் காட்டியிருக்கிறார். அன்றைக்கு மதியம் அவர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டபோது எமரென்சி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மீன் முள்ளை நாக்கால் ஒதுக்கி உதட்டோரத்தில் தள்ளுகிற வாய். என்ன பார்க்க என்று கேட்டார். ஒன்னுமில்ல, குழம்பு போதுமா என்றாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, அது நடந்து பத்து நாளாகிறது, பத்து நாளும் அவள் எழுபத்திரண்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். அசிங்கம் என்று தெரிந்த ஒன்றை மறுபடி மறுபடி மோந்து பார்க்கிற தன் புத்தியை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஏழு மணி வெயில் தொட்டிச் சுவரில் ஏறியிருந்தது. கீழே எதிர்வீட்டு முற்றத்தில் காயப் போட்டிருந்த நெத்திலி ஈரம் விட்டு நாறத் தொடங்கியது, காகம் ஒன்று அதிலேயே குறியாக உட்கார்ந்திருந்தது. எழுபத்திரண்டில் கிளாட்வினும் பக்கத்து வள்ளத்திலிருந்து அவருடைய கூட்டாளி மிக்கேலும் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்ற வள்ளங்கள் எல்லாம் தெற்கே மணப்பாடு பக்கம் போய்விட்டன, இவர்கள் இரண்டு பேர் வள்ளம் மட்டும் இங்கே நேர்கிழக்கே ஏழு மைலில் தனியாக நின்று சாளை மீன் கூட்டத்தைக் கண்டிருந்தது. கடலே வெள்ளியா மின்னுதுல, வலையை விட்டாச்சு, ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடாத என்றார் கிளாட்வின். அவர் குரலில் ஒரு ஈரம் இருந்தது, பசித்தவன் இலையைப் பார்க்கிற ஈரம். எமரென்சி பதினாறுக்கு மாற்றினாள். மாற்றிய கையோடு, காத்துக்கொண்டே இருந்ததுபோல ஒரு குரல் வந்தது. பனிமயம், பனிமயம், நான் சூசை வள்ளம் சந்தியாகு கூப்பிடுதேன். பனிமயம் அவள் வீட்டு வள்ளத்தின் பெயர். சந்தியாகுவை அவளுக்குத் தெரியும், ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவர், கிளாட்வினுக்கு மூத்தவர், மச்சினனைக் கூட்டிக்கொண்டு ரெண்டே பேராகக் கடலுக்குப் போகிறவர். மரக்கட்டை ஏதோ மிதந்து வந்து இடிச்சிட்டு, பின்பக்கம் கீறல் விட்டுத் தண்ணி ஏறுது, இஞ்சினு நின்னு போச்சு, நாங்க இறைச்சுக்கிட்டே இருக்கோம், உங்க வள்ளம் எனக்குத் தெரியுது, ரெண்டு மைலுதான் இருக்கும், வாங்க என்று நிதானமாகச் சொன்னார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். இரைச்சல். எமரென்சிக்கு அந்தக் குரலைக் கேட்டதும் அவர் முகம் வரவில்லை, கைதான் வந்தது. தோல் காய்ந்து செதில் செதிலாக உரிகிற கை. போன வருசம் கிளாட்வினின் இஞ்சின் நடுக்கடலில் நின்றபோது கயிறு கட்டி இழுத்து வந்தவர் அவர்தான், வீட்டுக்கு வந்து உட்கார்ந்து டீ குடித்தார், அவர் வைத்துவிட்டுப் போன டம்ளரை அவள் இரண்டு விரலால் தூக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்தால் செருப்பை மறந்துவிட்டேன் என்று அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பார்த்துவிட்டார். அதற்கப்புறம் எப்போது வந்தாலும் இப்பதாம்மா குடிச்சேன் என்று சொல்லிவிடுவார். அந்தக் கை இப்போது வாளியைப் பிடித்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கும், உப்பு பட்டு எரியும், என்று நினைத்தாள். நினைத்தபோதே எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுவதுபோல.

ஒருவேளை கிளாட்வினுக்குக் கேட்டிருக்காது. எழுபத்திரண்டில் இருக்கிறவருக்குப் பதினாறு எப்படிக் கேட்கும். இல்லை, அது பழைய செட்டில். புதுசில் ரெண்டு சேனலையும் ஒரே நேரத்தில் கேட்கலாம் என்று வாங்கிய அன்றைக்கு அவரே பீற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது, உடனே அந்த நினைவைத் தள்ளினாள், வலை இழுக்கிறபோது செட்டைப் பெட்டிக்குள் போட்டிருப்பார், காற்றுச் சத்தம் இருக்கும், இஞ்சின் சத்தம் இருக்கும். எழுபத்திரண்டுக்குத் திருப்பினாள். ரெண்டு கணம் ஒன்றுமில்லை, அப்பாடா என்றிருந்தது, அப்புறம் கிளாட்வினின் குரல், தாழ்த்தி, பக்கத்தில் வந்து காதில் சொல்வதுபோல.

"கேட்டியால, சந்தியாகு கூப்பிடுதான். வாயத் தெறந்துராத. இப்பப் போனா வலைய அறுத்துட்டுத்தான் போகணும். கோஸ்ட்கார்டு வந்து பாத்துக்கிடும்."

தண்ணி ஏறுதுங்கானே என்று மிக்கேல் இழுத்தான். சந்தியாகு எப்பவும் கொஞ்சத்துக்கு நிறையச் சொல்லுதவன், நமக்குக் கேக்கல, அவ்வளவுதான் என்றார் கிளாட்வின். மிக்கேல் சிரித்தான். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கு வழியாக ஒரு சின்னச் சிரிப்பு. எமரென்சி கீழே தெருவைப் பார்த்தாள். ஒரு பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள், காகம் ஒரு நெத்திலியைக் கொத்தி எடுத்துக்கொண்டது. பகை இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது, வெட்டுகுத்து, வாய்க்கால் வரப்பு, ஏதாவது ஒன்று இருந்து அதற்காகச் சாகட்டும் என்று விட்டிருந்தால்கூட அதை ஒரு பாவம் என்று சொல்லிக் கோயிலில் முழங்கால் போட்டு அழலாம். இது சாளை. நாளைக்குக் காலையில் தெருவில் கூறு கட்டிக் கிடக்கிற சாளை. அதை அவளும் அரிந்து, அலசி, மஞ்சள் போட்டுக் குழம்பு வைப்பாள், அவர் முள்ளை நாக்கால் ஒதுக்குவார். போனை எடுத்துச் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டாள். அவர் பதறிப்போய், கோஸ்ட்கார்டுக்கு உடனே சொல்லுதேன், ஆனா அவங்க படகு வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும், பக்கத்தில் நம்ம வள்ளம் எதுவும் இருக்கா என்று கேட்டார். எமரென்சி வாயைத் திறந்தாள். பாத்துச் சொல்லுதேன் அண்ணே என்று வந்தது. வைத்துவிட்டாள். பாத்துச் சொல்வதற்கு என்ன இருக்கிறது, எங்கே நிற்கிறார், யார் நிற்கிறார், என்ன சொன்னார், எல்லாம் கேட்டாயிற்று. தானும் அதையேதான் செய்தோம், கேட்டும் கேட்காததுபோல, என்று தெரிந்தபோது அருவருப்பு கிளாட்வினிடமிருந்து கிளம்பி நேராக அவள்மேல் வந்து நின்றது. பதினாறில் சந்தியாகுவின் குரல் மறுபடி வந்தது. இந்த முறை இடையில் மூச்சு வாங்கியது. முட்டுக்கு மேல வந்துட்டு, யாராவது கேக்கீங்களா என்றார். யாராவது என்றார். பனிமயம் என்று சொல்லவில்லை.

செட்டைக் கையில் எடுத்தாள். துண்டோடு சேர்த்துத்தான் எடுத்தாள், பிறகு துண்டை விலக்கினாள், துணி மறைத்தால் குரல் போகாது. பதினாறில் சொன்னால் கடல் முழுக்கக் கேட்கும், மணப்பாடு வரைக்கும் கேட்கும், கரையில் இன்னும் மூன்று பெண்கள் மூன்று மாடியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நாளைக்கு ஞாயிறு திருப்பலியில் எந்தப் பெஞ்சில் உட்காருவது, இல்லை, நாளைக்குச் சனிக்கிழமைதான், எதற்கு இப்போது கிழமைக் கணக்கு. முதலில் எழுபத்திரண்டில் தனியாகச் சொல்லிப் பார்க்கலாம், வீட்டு விஷயம் வீட்டோடு போகட்டும். பொத்தானை அமுக்கினாள். துளைகளிலிருந்து புகையிலை வாடை மூக்கில் ஏறியது, உதட்டை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள். நான் எமரென்சி பேசுதேன், சந்தியாகு அண்ணன் வள்ளம் முங்குது, நீங்க பக்கத்துலதான் இருக்கீங்க, போங்க என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. விரலை எடுத்தாள். கடலில் ஒரு சத்தமும் இல்லை. அவர் முகம் எப்படி மாறியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது, கண்ணை இடுக்கி, மிக்கேல் வள்ளத்தைப் பார்த்து, ஒரு கணம் யோசித்து.

"யாரு? ஒன்னும் வெளங்கல. வெட்டி வெட்டிக் கேக்குது. அப்பறம் பேசு."

துளி இரைச்சல் இல்லாமல், பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவாக அந்தப் பொய் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிற அதே முதுகு. எமரென்சி பதினாறுக்குத் திருப்பினாள். உதடு துளைகளில் பட்டதா படவில்லையா என்று இப்போது அவள் பார்க்கவில்லை, பட்டது, கசந்தது, படட்டுமே என்று அமுக்கினாள்.

"கேக்கிற எல்லாருக்கும் சொல்லுதேன். அந்தோணியார் தெரு எமரென்சி. சூசை வள்ளம் முங்குது, ரெண்டு பேரு இருக்காவ. பனிமயம் கிளாட்வின் ரெண்டு மைலுல நிக்கான். கேட்டான். கேட்டுட்டு வலைய அறுக்க மனசில்லாம கேக்கலங்கான். நான் அவன் பொண்டாட்டி. எனக்குக் கேட்டுச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே காதில் விழுந்தது. நிக்கான், கேட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவுக, இவுக என்று தவிர வாயில் வராதவள். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது, அடுத்த கணம் தோன்றவில்லை. தெற்கே எங்கோ தூரத்திலிருந்து ஒரு குரல், நாங்க கேட்டுட்டோம், நாங்க வர ரெண்டு மணி நேரம் ஆகும், பனிமயம், கேக்குதா பனிமயம் என்றது. இன்னொரு குரல் கிளாட்வின் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது. இன்னொன்று. அவன் பதில் சொல்லாமல் இருந்த நேரம் ஒரு நிமிசம்தான் இருக்கும். இங்கேதான் அவள் பயந்தாள், அவமானத்தில் அவன் செட்டையே அணைத்துவிட்டுப் போய்விட்டால், தன் வாயாலேயே அந்த இரண்டு பேரையும் கொன்றதாகிவிடும், மெதுவாகக் கெஞ்சியிருந்தால் போயிருப்பானோ, போயிருக்க மாட்டான், போயிருப்பானோ. அந்த எண்ணம் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது, கால் கட்டைவிரல் தன்பாட்டில் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பிறகு போறோம் என்று அவன் குரல் வந்தது. ஒரே வார்த்தை. நாற்பது நிமிசம். அந்த நாற்பது நிமிசமும் எமரென்சி உட்காரவில்லை, கை கழுவவில்லை, அதை அவள் கவனிக்கவும் இல்லை. சந்தியாகுவின் செட்டு நின்றுபோயிருந்தது. கிழக்கே வெறும் வெள்ளை வெயில், அதில் ஒரு புள்ளிகூட இல்லை. கடைசியில் மிக்கேல் பேசினான், ரெண்டு பேரையும் தூக்கியாச்சு, சூசை வள்ளம் முங்கிட்டு, ஆளுக்குச் சேதம் இல்ல என்றான். அடுத்துப் பனிமயத்திலிருந்து சந்தியாகுவின் இருமல் கேட்டது, நல்லாயிருப்ப தம்பி, நல்லாயிருப்ப என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிளாட்வின் சிரித்தான். இதுல என்ன இருக்கு அண்ணே, கடல்ல ஒருத்தன் கூப்பிட்டா போகாம இருப்பமா என்றான், பதினாறில், கடல் முழுக்கக் கேட்க. அந்தக் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவன் பொய் சொல்லவில்லை, சொல்லச் சொல்ல அவனே அதை நம்பிக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது, வாந்தி வந்தேவிட்டது, தொட்டியோரத்தில் குனிந்து எடுத்தாள். வெறும் புளித்த தண்ணீர்.

வாயைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிச் சந்தியாகுவின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ஜெபமாலைக்கு அதற்குள் பாதிச் செய்தி வந்துவிட்டிருந்தது, வாசலில் தலையில் அடித்துக்கொண்டு நின்றாள். இருக்காவ மதினி, ரெண்டு பேரும் நல்லா இருக்காவ, தூக்கியாச்சு என்று எமரென்சி சொன்னதும் அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். யாரு தூக்குனா என்று கேட்டாள். எங்க வீட்டுல உள்ளவுகதான் என்று சொல்லிவிட்டாள் எமரென்சி. பழக்கத்தில் வந்த வார்த்தை. ஜெபமாலை அவள் இரண்டு கையையும் பிடித்து உதட்டில் வைத்து முத்தினாள், கண்ணீரும் மூக்குச் சளியும் விரலெல்லாம் ஒட்டியது, உங்க குடும்பத்துக்கு மாதா ஒரு குறையும் வைக்க மாட்டா, கிளாட்வின் தம்பி மனுசன் இல்ல, தெய்வம் என்று அழுதாள். எமரென்சிக்குக் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அது இதமாக இருந்தது. தன் புருசனை ஒருத்தி இப்படிச் சொல்வது, அது தன் கை வழியாக ஏறுவது, நிஜமாகவே இதமாக இருந்தது, இப்படியே விட்டுவிட்டால் என்ன, மாலைக்குள் ஊர் இதைத்தான் பேசும், பாதிப் பேர் மறப்பார்கள், மீதிப் பேர் பொம்பளை பதற்றத்தில் உளறிவிட்டாள் என்பார்கள். அந்த இதத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மதினி, அவன் தானாப் போகல. அண்ணன் கூப்பிட்டது கேட்டும் பேசாம இருந்தான். ஊரெல்லாம் கேக்குற மாதிரி நான் சொன்ன பிறகுதான் போனான்."

ஜெபமாலை அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். அவள் பிடி தளர்ந்தது, ஆனால் கையை விடவில்லை. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள், மூக்கைச் சிந்தினாள்.

"எம்புருசன் வாரான்லா, எனக்கு அது போதும். மத்தத நீதான் பாத்துக்கிடணும், எமரென்சி."

சொல்லிவிட்டு எழுந்து மாற்றுச் சாரமும் துண்டும் எடுக்க உள்ளே போய்விட்டாள். தெருவில் ஆட்கள் கரையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். எமரென்சியைக் கண்டதும் சிலர் பேச்சை நிறுத்தினார்கள், சிலர் நல்லது நடந்தது என்றார்கள், ஒருத்தி வேண்டுமென்றே தலையைத் திருப்பிக்கொண்டாள். அவர்களோடு நடந்து போய்த் தண்ணீர் விளிம்பில் நின்றாள். பத்து மணி சுமாருக்கு, மிக்கேலின் வள்ளத்துக்கு முன்னால் பனிமயம் அலையைத் தாண்டி வந்தது. தலைகளை எண்ணினாள், ஐந்து, அதில் மூன்று பேர் பனிமயத்து ஆட்கள். நடுவில் போர்வை சுற்றி இரண்டு பேர். முன்னால் அணியத்தில் கிளாட்வின் எழுந்து நின்று ஒரு கையை உயர்த்தினான், கரையில் இருந்தவர்கள் எல்லோரும் கத்திக்கொண்டு கை காட்டினார்கள். அவன் கண் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடி அவளிடம் வந்து நின்றது. உயர்த்திய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அவள் கை காட்டவில்லை, பார்வையையும் திருப்பவில்லை, அவன் கையை இறக்குகிற வரைக்கும் நின்று பார்த்தாள்.